நகலில் விடுபட்ட வரி

நான் உங்களுக்கு எழுதிக் கொடுத்த இசை நகல்கள் எல்லாவற்றிலும் ஓரிடத்தில் ஒரு வரி வெறுமையாக இருக்கும். கோடுகள் போட்டு, ஆறு பாராக, அதாவது ஆறு தாளக் கட்டமாகப் பிரித்து, உள்ளே ஒரு சுரமும் எழுதாமல் விட்டிருப்பேன். "மிஸ், தாள் கெடைக்காத காலத்துல இப்படி வீணாக்குறீங்களே" என்று உங்களில் ஒருத்தி ஒருமுறை கேட்டாள். நான் அவளை அதட்டி உட்கார வைத்தேன். அதட்டுவது எனக்குச் சுலபம், அது உங்களுக்கே தெரியும். பதில் சொல்லத்தான் வாய் வரவில்லை. இப்போது ஓய்வு பெற்றுவிட்டேன். பியானோ மூடியில் தூசு தட்டுவதைத் தவிர வேறு வேலை இல்லை. நீங்களோ மேல்நாட்டு இசையில் ஹார்மனி கற்பிக்கப் புதிதாகப் போகிறீர்கள். இனியும் அந்தப் பதிலை வைத்துக்கொண்டிருப்பது சரியில்லை.

அறுபதுகளின் தொடக்கம். மாத்தளை டவுனில் ஒரு பெண்கள் பாடசாலையில் நாங்கள் இரண்டு பேர் தற்காலிக சங்கீத ஆசிரியைகள். நான் எல்கடுவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் மருந்து கொடுக்கும் டிஸ்பென்சரின் மகள். மற்றவள் புனிதம், யாழ்ப்பாணத்துப் பிள்ளை, என்னைவிட மூன்று வயது இளையவள். அவளுடைய தகப்பன் மாத்தளைக் கச்சேரியில், அரசாங்க அலுவலகத்தில், கிளாக்கராக இருந்து, வேலையில் இருக்கும்போதே இறந்துபோனவர். தாயும் இரண்டு தங்கைகளும் ஊருக்குத் திரும்பி மாமன் வீட்டில் ஒண்டிக்கொண்டிருந்தார்கள். புனிதத்துக்கு இங்கே ஒரு வேலை இருக்கிறது என்பதுதான் அந்த வீட்டில் அவர்களுக்கு இருந்த கொஞ்ச மரியாதை.

நிரந்தர இடம் ஒன்றுதான் இருந்தது. லண்டன் இசை டிப்ளோமா எடுப்பவருக்கு அது என்று தலைமை ஆசிரியை சொல்லிவிட்டார். இரண்டு பேரும் எடுத்தால் யார் புள்ளி அதிகமோ அவருக்கு. எனக்கும் திரும்பிப் போக இடமில்லை என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய். அப்பா உயிரோடு இருந்தார், தோட்டத்தில் குவாட்டர்ஸ் இருந்தது. புனிதத்துக்குத்தான் ஒன்றும் இல்லை.

இருந்தும் நாங்கள் பகையாளிகளாக இருக்கவில்லை. ஒரே அறையில் குடியிருந்தோம். கறுவாவும் சாதிக்காயும் வாங்கி விற்கும் ஒரு முஸ்லிம் வியாபாரியின் வீட்டு மாடி அது. கீழே அவருடைய மனைவி; ஜெமீலா ராத்தா என்று அக்கா முறை வைத்துக் கூப்பிடுவோம். பாடசாலை கழித்துப்போட்ட, காலால் மிதித்து வாசிக்கும் ஒரு ஹார்மோனியத்தை மேலே ஏற்றி வைத்துக்கொண்டு இரண்டு பேரும் சேர்ந்து படித்தோம். எங்களுக்கு ஆசிரியர் என்று யாரும் இல்லை. ஒரு பழைய ஹார்மனிப் பாடநூல், தபாலில் வரும் கேள்வித்தாள்கள், அவ்வளவுதான். கிராமபோன் தட்டு கேட்க வேண்டுமென்றால் கண்டிக்குப் போக வேண்டும். மேல்நாட்டு இசையை நாங்கள் படித்ததெல்லாம் பெரும்பாலும் தாளில்தான்.

தாளில் நான் கெட்டிக்காரி. ஒரு பக்கத்தைப் பார்த்தால் கோர்ட்கள் என்ற சுரக்கூட்டுகளுக்குப் பெயர் வைத்து, எங்கே எந்தக் கீக்கு, அதாவது எந்த ஆதார சுரத்துக்கு மாறுகிறது என்று கோடு இழுத்துக்கொண்டே போய்விடுவேன். புனிதம் அப்படியில்லை. பெயர் சொல்லத் தடுமாறுவாள். ஆனால் ஹார்மோனியத்தில் வைத்து ஒருமுறை வாசித்தால் போதும், "அக்கா, இது போறதுக்கு அந்தரப்பட்டுத் தவிக்குது" என்பாள், "இது இன்னும் முடியேல்லை" என்பாள். அவள் முடியவில்லை என்று சொன்ன இடம் ஒருபோதும் முடிந்திருக்காது. எனக்கு அது எரிச்சலாக இருக்கும். பொறாமை என்று அப்போது ஒப்புக்கொள்ளவில்லை, இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

டிப்ளோமாவுக்கு ஒரு ஜெர்மன்காரரின் பியானோ சொனாட்டா வைத்திருந்தார்கள். அதன் அமைப்பையும் ஹார்மனியையும் பரீட்சகர் முன் வாயால் விளக்க வேண்டும். புத்தகத்துக்குக் கொழும்புக்கு எழுதிப்போட்டால், இறக்குமதி இல்லை, வந்தால் அறிவிக்கிறோம் என்று பதில் வந்தது. அப்பா வேலை செய்த தோட்டத்துப் பெரிய துரையின் மனைவியிடம் ஒரு பிரதி இருந்தது. அவர்கள் இங்கிலாந்துக்கே திரும்பிப் போகச் சாமான் கட்டிக்கொண்டிருந்தார்கள். நாலு நாள் தருகிறேன், பெட்டி பூட்டுவதற்குள் வந்துவிட வேண்டும் என்றார் துரைசாணி.

அந்த நாலு நாளும் நான் பாடசாலைக்குப் போகவில்லை. என் வகுப்புகளையும் சேர்த்துப் புனிதம் எடுத்தாள். தொண்டை கட்டிப்போய் மாலையில் வருவாள், வந்ததும் எனக்கு அடுத்த நாளைக்குத் தாளில் கோடு போட்டு வைப்பாள். நான் புத்தகத்தைப் பார்த்துப் பார்த்து எழுதினேன். நாலாம் நாள் புத்தகம் போய்விட்டது, பிறகு கப்பலும் ஏறிவிட்டது. என் நகலைப் பார்த்துப் புனிதம் தனக்கு ஒன்று எழுதிக்கொண்டாள்.

சொனாட்டா எப்படிப் போகும் என்று உங்களுக்குத் தெரியும். சொந்தக் கீயில் தொடங்கும், நடுப்பங்கில் வேறு கீகளில் அலையும், கடைசியில் சொந்தக் கீக்குத் திரும்பும். சொந்தக் கீயை நாங்கள் வீடு என்றே சொல்லிக்கொள்வோம். அந்தச் சொனாட்டாவுக்கு எஃப் மேஜர் என்ற கீதான் வீடு. என் நகலில் நடுப்பங்கு அலைந்து திரிந்து ஏ மேஜரில் வந்து நின்றது. அடுத்த பாரில், ஒரு முன்னறிவிப்பும் இல்லாமல், எஃப் மேஜர்.

புனிதம் அந்த இடத்தை மூன்று தரம் வாசித்துவிட்டுக் கையை எடுத்தாள்.

"அக்கா, இதில ஏதோ குறையுது."

"என்னா குறையுது? இருக்கிறதத்தான் எழுதியிருக்கேன்."

"வழி குறையுது. இவ்வளவு தூரம் போன மனுசன் இப்பிடி ஒரே எட்டில வீட்டை வரமாட்டான்."

"பெரிய கம்போசர்மாருங்க அப்படியும் செய்வாங்க. புத்தகத்துலயே இருக்கு, பாரு."

உண்மையிலேயே இருந்தது. அப்படிப்பட்ட தாவல்களைப் பற்றி எங்கள் பாடநூலில் அரைப் பக்கம் உண்டு. அதுதான் என் கேடு. ஒன்றும் படிக்காதவள் என்றால் சந்தேகப்பட்டிருப்பாள். நான் படித்தவள், ஆகவே காரணம் கண்டுபிடித்தேன். அலைந்து களைத்த இசை, வழியைக்கூடச் சொல்லாமல் வீட்டுக்குள் விழுகிறது என்று இரண்டு பக்கம் விளக்கம் எழுதினேன். அந்த இரண்டு பக்கத்தைப் படித்துப் படித்து எனக்கே என்மேல் பெருமை தாங்கவில்லை.

புனிதம் விடவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஹார்மோனியத்தில் உட்கார்ந்து, "இப்பிடி வந்திருக்க வேணும் அக்கா" என்று ஏ மேஜரிலிருந்து தொடங்கினாள். இடது கை ஒவ்வொரு படியாகக் கீழே இறங்கியது. கடைசியில் சி சுரத்தில் வந்து நின்றது. அங்கே சும்மா காத்திருந்தது. பிறகுதான் வீடு. ஆறு பார் இருக்கும்.

"வாசல்ல கொஞ்சம் நிண்டு, காலைத் துடைச்சுப்போட்டுத்தானே உள்ளுக்குப் போறது" என்று சிரித்தாள்.

மொட்டை மாடியில் காய்ந்த துணி எடுக்க வந்த ஜெமீலா ராத்தா வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "என்ன ராத்தா, எது நல்லாயிருக்கு?" என்று நான்தான் கேட்டேன், கேட்டுவிட்டு என் நகலில் உள்ளபடியும் வாசித்துக் காட்டினேன்.

"எனக்கு இதெல்லாம் வெளங்காது புள்ள" என்றார் ராத்தா. "ஆனா அவ வாசிச்சது வாசலால வந்த மாதிரி. நீங்க வாசிச்சது மதில் பாய்ஞ்ச மாதிரி."

எனக்குச் சுருக்கென்றது. ராத்தா இறங்கிப் போகும்வரை காத்திருந்து புனிதத்தைப் பிடித்துக்கொண்டேன்.

"பரீட்சையில உன்னோட கற்பனைய கேக்க மாட்டாங்க புனிதம். எழுதியிருக்கிறதத்தான் கேப்பாங்க. இப்படி நெனச்சதெல்லாம் வாசிச்சிக்கிட்டிருந்தா பெயிலாத்தான் போவ."

அவள் முகம் சின்னதாகிவிட்டது. ஹார்மோனியத்தை மூடிவிட்டு, "நீங்கள் சொன்னால் சரியாய்த்தான் இருக்கும்" என்றாள். அன்றிலிருந்து என் இரண்டு பக்கத்தையும் மனப்பாடம் செய்தாள். காலையில் பாடசாலைக்கு நடக்கும்போது நான் கேள்வி கேட்பேன், அவள் ஒரு சொல் பிசகாமல் ஒப்பிப்பாள். அந்த ஆறு பாரைப் பிறகு அவள் வாசிக்கவே இல்லை.

பரீட்சை கண்டியில். காலை ரயிலில் போனோம். புனிதம் வழி முழுவதும் வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். ஒரு பெரிய மண்டபம், அதற்குப் பக்கத்தில் சின்ன அறை. வெளியே வருபவர் உள்ளே போகிறவரிடம் கேள்வியைப் பற்றிப் பேசக் கூடாது என்று கதவருகே நின்ற அம்மா எல்லோருக்கும் சொன்னார். என்னை முதலில் கூப்பிட்டார்கள், அடுத்தது புனிதம்.

பரீட்சகர் இங்கிலாந்திலிருந்து வந்த வயதானவர். தடிமன் பிடித்து மூக்கைத் துடைத்துக்கொண்டே இருந்தார். புத்தகத்தை என் பக்கம் தள்ளி, இரண்டாவது கருப்பொருள் திரும்ப வரும் இடத்தைக் காட்டச் சொன்னார். நான் பக்கம் புரட்டினேன். புரட்டும்போது அந்த வரி கண்ணில் பட்டது.

ஒரு முழு வரி. ஆறு பார். என் நகலில் இல்லாதது. அதுவும் அதற்கு மேல் வரியும் ஒரே மாதிரித் தொடங்கின. மேல் வரியை எழுதி முடித்து நிமிர்ந்தபோது, இதைத்தான் எழுதியாயிற்றே என்று என் கண் இந்த வரியைத் தாண்டிக் கீழே இறங்கிவிட்டிருக்கிறது. ஏ-யிலிருந்து இடது கை படிப்படியாக இறங்கியது. சி-யில் வந்து நின்றது. அங்கே காத்திருந்தது. மூன்றாவது பாரில் மட்டும், புனிதம் மேஜர் வைத்த இடத்தில், அச்சில் சற்றுச் சோகமான மைனர் கோர்ட் இருந்தது. மற்றதெல்லாம் அவள் வாசித்தபடியே.

நான் அவர் கேட்ட இடத்தைக் காட்டினேன். அவர் புத்தகத்தை வாங்கி மூடித் தன் கைக்குக் கீழே வைத்துக்கொண்டார். பிறகு கேட்டார், இந்தக் கம்போசர் எப்படி வீட்டுக்குத் திரும்புகிறார் என்று.

மனப்பாடமாக இருந்த இரண்டு பக்கத்தையும் அந்த விநாடியே கைவிட்டேன். அவசரப்படாமல் வருகிறார் என்றேன். படிப்படியாக இறங்கி வந்து, வாசலில் கொஞ்சம் நின்று, பிறகுதான் உள்ளே போகிறார் என்றேன். பரீட்சகர் கைக்குட்டையை இறக்கிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். காதால் கேட்டுப் படித்திருக்கிறீர்கள், பலர் கண்ணால் மட்டுமே படிக்கிறார்கள் என்றார். நான் நன்றி சொன்னேன்.

நெருக்கடியில் சட்டென்று புத்தி வேலை செய்வதை நம் தொழிலில் எல்லோரும் பாராட்டுவார்கள். என் புத்தி அன்று மிக நன்றாக வேலை செய்தது. அதற்கு இன்னும் ஒரு நிமிடம் வேலை மிச்சம் இருந்தது.

கதவைத் திறந்து வந்தேன். புனிதம் எழுந்து நின்றாள், கையில் கைக்குட்டையைக் கசக்கிப் பிடித்திருந்தாள். கதவருகே நின்ற அம்மா மண்டபத்தின் அந்தப் பக்கம் யாரையோ கூப்பிடப் போயிருந்தார். எங்களைப் பார்க்க ஒருவரும் இல்லை. ஒரு சொல் போதும். 'உன் வழிதான் சரி' என்றால் போதும், அவள் பிடித்துக்கொண்டிருப்பாள்.

சட்டம் என்று ஒன்று இருந்ததுதான். ஆனால் பிழையான நகலை அவள் தலையில் ஏற்றியவள் நான், அதை இறக்கி வைக்காமல் எந்தச் சட்டத்தைக் காப்பாற்றப் போகிறேன்? நான் சட்டத்தை நினைக்கவில்லை. எதை நினைத்தேன் என்று இத்தனை வருடமாக என்னையே கேட்கிறேன். என் பிழையைச் சொல்ல வெட்கமாக இருந்தது. இருக்கும் இடம் ஒன்றுதான் என்பதும் மனதில் இருந்தது. இரண்டில் எது பெரிது என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியாது.

"எப்பிடி அக்கா?" என்று மெல்லக் கேட்டாள்.

"பயப்படாத" என்றேன். "படிச்சத அப்படியே சொல்லு."

அவள் தலையாட்டிவிட்டு உள்ளே போனாள்.

திரும்பி வரும் ரயிலில் அவள் சந்தோஷமாக இருந்தாள். "வீட்டை வாற இடத்தைத்தான் அக்கா கேட்டவர். புத்தகத்தைத் தன்ர கைக்குக் கீழ வச்சிருந்தவர். நீங்கள் எழுதித் தந்ததை ஒரு சொல் விடாமல் சொன்னனான். ஒண்டும் பேசேல்லை, எழுதிக்கொண்டே இருந்தவர்." பிறகு, "உங்களிட்டயும் அதையோ கேட்டவர்?" என்றாள்.

"இல்ல. என்கிட்ட வேற என்னமோ கேட்டாரு."

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

முடிவுகள் தபாலில் வந்தன. எனக்கு நல்ல புள்ளி. ஹார்மனியைக் கேட்டு உணரும் காது உள்ளவர் என்று பரீட்சகர் தன் கையால் எழுதியிருந்தார். புனிதம் தவறிவிட்டாள். இவர் மனப்பாடம் செய்ததைச் சொல்கிறார், இசையைக் கேட்பதில்லை, கேட்கப் பழக வேண்டும் என்று அவளுக்கு எழுதியிருந்தார். பிழை எங்கே என்று எழுதவில்லை. அதை எழுதுவது பரீட்சகர்களின் வழக்கமும் இல்லை.

அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அழவில்லை. அந்தத் தாளைத் திரும்பத் திரும்பப் படித்தாள். "எனக்குக் காது இல்லையாம் அக்கா" என்றாள். "நான் என்ர காது நல்லது எண்டெல்லோ நினைச்சுக்கொண்டு இருந்தனான்."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். இடம் எனக்கு என்று ஆகிவிட்டது, இனிச் சொல்லி என்ன என்று நினைத்தேன். சொன்னால் தலைமை ஆசிரியையிடமும் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். அவள் பெட்டி கட்டும்வரை ஒவ்வொரு நாளும் இப்படி ஒவ்வொன்றாக நினைத்துக்கொண்டிருந்தேன். பாடசாலைத் தவணை முடிந்ததும் அவள் ஊருக்குப் போனாள். ஜெமீலா ராத்தா கீழே நின்று அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். நான் பெட்டியைத் தூக்கிக் கொடுத்தேன்.

எனக்கு நிரந்தரமானது. பிள்ளைகள் நன்றாகத் தேறினார்கள். கண்டியிலிருந்துகூட ஹார்மனி கேட்டு வந்தார்கள். நல்ல காதுள்ள டீச்சர் என்று என்னைச் சொன்னார்கள். அந்த வெற்று வரியை நகல்களில் விடத் தொடங்கியது அப்போதுதான். வீட்டுக்கு வரும் வழியை முதலில் நீங்களே தேடி வாசியுங்கள், பிறகு அச்சிலுள்ளதைக் காட்டுகிறேன் என்று சொல்வேன். உங்கள் வகுப்பில் ஒரு பிள்ளை 'இதில் ஏதோ குறைகிறது' என்று சொன்னால், தயவுசெய்து அவளுக்கு விளக்கம் கொடுக்காதீர்கள். உங்கள் தாளைத் திரும்பப் பாருங்கள். பிழைக்கும் அழகான விளக்கம் எழுதலாம். நான் எழுதியிருக்கிறேன்.

பத்துப் பதினொரு வருடம் கழித்துப் புனிதம் மாத்தளைக்கு வந்தாள். ஊரில் கூட்டுறவுச் சங்கக் கடையில் ஒரு வேலைக்கு விண்ணப்பிக்க, இங்கே வேலை செய்த சான்றிதழ் தேவைப்பட்டது. பழைய பதிவேடுகளைத் தேடிக் கொடுக்கச் சொல்லி என்னைத்தான் அழைத்தார்கள். மெலிந்திருந்தாள், முன்பக்கம் நரைத்திருந்தது. என்னைக் கண்டதும் அதே முகத்தோடு, "அக்கா" என்று ஓடிவந்து கையைப் பிடித்தாள்.

"ஏன் புனிதம், கடை வேலை? அங்கயும் பள்ளிக்கூடங்க இருக்குதானே, சங்கீதத்துக்கு ஆள் எடுக்கிறாங்கதானே?"

"காதில்லாதவள் சங்கீதம் படிப்பிக்கிறதோ" என்று சிரித்தாள். கண் பார்வை குறைவு என்று சொல்வது போல, சாதாரணமாகச் சொன்னாள். "கோயில்ல பாடக் கூப்பிட்டாலும் நான் போறேல்லை அக்கா. பிழைச்சுப் போடுவன் எண்டு பயம்."

பஸ் ஸ்டாண்டுக்கு அவளோடு நடந்தேன். கண்டியிலிருந்து வரும் யாழ்ப்பாண பஸ் பத்து நிமிடம் நின்றது. அந்தப் பத்து நிமிடமும் நான் அவளுடைய தாயைப் பற்றிக் கேட்டேன், தங்கைகளைப் பற்றிக் கேட்டேன், ஜெமீலா ராத்தா மௌத்தாகி மறைந்ததைச் சொன்னேன். அவள் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். கண்டக்டர் மணியடித்தபோதுதான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னேன்.

"புனிதம், அந்த நகல்ல ஒரு வரி விட்டுப்போச்சு. நான்தான் விட்டேன். நீ வாசிச்ச அந்த ஆறு பாரும் புத்தகத்துல இருந்திச்சு. மூணாவது பார் மட்டுந்தான் வேற, மைனர். மத்ததெல்லாம் உன்னோடதுதான்."

அவள் என்னைப் பார்த்தாள். கோபப்படுவாள் என்று நினைத்தேன். கணக்குப் பார்ப்பவள் போல நெற்றியைச் சுருக்கினாள்.

"எப்ப தெரியும் அக்கா?"

எஞ்சின் உறுமியது. இன்னொரு பொய்க்கும் நேரம் இருந்தது.

"உனக்கு முந்தி உள்ளுக்குப் போனேன்ல," என்றேன். "அப்ப."

அவள் முகத்தை முன்னால் திருப்பிக்கொண்டாள். பஸ் நகர்ந்தது, நானும் கம்பியை விடாமல் கூடவே நாலு அடி நடந்தேன். மடியில் சான்றிதழ் உறை இருந்தது. அதன்மேல் அவளுடைய இடது கை இருந்தது. விரல்கள் அசைந்தன. ஒவ்வொரு படியாக இறங்கின. மூன்றாவது பாரில் கொஞ்சம் தயங்கின, ஒருமுறை அழுத்தின, மறுபடியும் வேறு விதமாக அழுத்தின. பிறகு மேற்கொண்டு இறங்கின. சி-யில் வந்து நின்றன.

அங்கேயே நின்றன. வீட்டுக்கு வரும் அந்த முதல் கோர்டை அவள் வாசிக்கிறாளா என்று பார்க்கக் கூடவே ஓடினேன். பஸ் வேகம் எடுத்தது, கம்பி என் கையை விட்டுப் போனது. அலுவிகாரைப் பக்கம் பஸ் வளைந்து மறைந்தது. என் கண்ணுக்குத் தெரிந்தவரை அவள் கை அசையவே இல்லை.